மறு உத்தரவு வரும் வரை

மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா ஆண்டில் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தேன். அந்த முப்பது நாளில் என் கையில் இருபத்தெட்டு முறை ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். என் உடம்புக்காக எடுத்தது அதில் ஐந்தோ ஆறோ இருக்கும். மீதியை எதற்கு எடுத்தார்கள் என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

நான் அப்போது மலாக்காவில் லொங்காங் மண்டோர். தெருச் சாக்கடைகளைக் கூட்டி, அடைப்பெடுத்து, மழைக்காலத்தில் ஊர் முழுகாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு மேற்பார்வையாளன். என்னிடம் பதினோரு பேர் வேலை செய்தார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் காஜா பெராங்கில் இருந்தது. பூட்ஸ் எல்லாம் கிடையாது. மண்டோராக இருந்தாலும் அடைப்பு பெரிதென்றால் நானும் இறங்குவேன்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் குளிரெடுத்தது. உச்சி வெயிலில் பல் கிட்டியது. மறுநாள் எழுந்து நிற்க முடியவில்லை. கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. மூன்றாம் நாள் கண் இரண்டும் ரத்தச் சிவப்பானதைப் பார்த்துவிட்டு என் மனைவி பாக்கியம் அழ ஆரம்பித்தாள். என் ஆட்களில் ஒருவனான கருப்பையாதான் பேச்சா என்கிற சைக்கிள் ரிக்ஷாவைப் பிடித்து வந்து, என்னைத் தூக்கி உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனான். தோட்டக் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய மருத்துவமனை அது. எங்களைப் போன்ற ஊர் வேலைக்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

அங்கே பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்காரர். உயரமானவர், அதிகம் பேசமாட்டார். என் கண்ணை விரித்துப் பார்த்தார். கெண்டைக்காலை அழுத்தினார். நான் கத்தினேன். என்ன வேலை என்று மலாயில் கேட்டார். லொங்காங் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "திக்குஸ்" என்றார். எலி.

எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் காலை வைத்தால், காலில் உள்ள சிறு கீறல் வழியாகக்கூட அந்தக் கிருமி உள்ளே போய்விடும். ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். நேரத்தோடு பெனிசிலின் போட்டால் பிழைக்கலாம். விட்டால் மூத்திரம் நின்றுபோகும், ஆள் மஞ்சளாகிச் செத்துப்போவான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த மனிதர் ரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார். ஆனால் முடிவு வரும் வரை காத்திருக்கவில்லை. அந்த நிமிஷமே பெனிசிலின் போடச் சொன்னார். அவர்தான் என் உயிரைக் காப்பாற்றினார். கோபத்தோடு எழுதுகிறவன் இதை மறைக்கக் கூடாது.

என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் அவர் ஒரு வரி எழுதினார். தினமும் காலையில் ரத்தம், மூத்திரம். மறு உத்தரவு வரும் வரை. இரண்டாவது வாரம் அவர் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். நாடு சுதந்திரம் வாங்கப் போகிறது, அவருக்கு இங்கே வேலை முடிந்தது. மறு உத்தரவு போட ஆள் இல்லை.

காய்ச்சல் பத்து நாளில் விட்டது. கண்ணின் சிவப்பு வெளுத்தது. பாக்கியம் தினமும் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மங்குக் கிண்ணம் நிறையக் கஞ்சியும், சுட்ட கருவாடும், சில நாள் அவித்த முட்டையும் கொண்டு வருவாள். கிண்ணத்தைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். சூடு தொடையில் பட்டுச் சிவந்திருக்கும். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை கையை எடுக்காமல் என் முதுகில் வைத்திருப்பாள். அப்படித் தின்ற சோறு எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. நடந்தால் மூச்சு வாங்கியது. கக்கூஸுக்குப் போய் வந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

காலை ஆறு மணிக்கு டிரஸர் என்கிற மருத்துவ உதவியாளர் வருவார். கண்ணாடிச் சிரிஞ்ச். ஊசியைக் கல்லில் தீட்டித் தீட்டித் திரும்பத் திரும்பப் போடுவார்கள். முனை மழுங்கியிருக்கும். தோல் முதலில் குழியும், பிறகுதான் கிழியும். என் இரண்டு முழங்கை மடிப்பும் கறுத்து வீங்கிப்போயின. அப்புறம் புறங்கையில் குத்தினார்கள்.

"எனக்குத்தான் நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்குங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அட்டையில இருக்கு," என்றார் டிரஸர். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்தக் கட்டிலில் இருந்தவருக்குக் கால் முறிவு. அவர் கையிலும் குத்தினார்.

ஆகஸ்ட் பாதி தாண்டியிருந்தது. வார்டில் காகிதக் கொடி கட்டினார்கள். நான் கொஞ்சம் நடக்கலாம் என்று பின்பக்க வராந்தாவுக்குப் போனேன். பின்கட்டில்தான் சோதனைச் சாலை. அதன் வாசலில் காதர் பாய் குந்தி உட்கார்ந்து போத்தல்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சோதனைச் சாலையில் போத்தல் கழுவுவது அவர் வேலை. கம்போங் கிளிங் பள்ளிவாசல் பக்கத்து ஆள், எனக்கு முன்பே பழக்கம்.

ஒரு போத்தலில் ரத்தம், ஒரு போத்தலில் மூத்திரம், ஒன்றில் ஏதோ மஞ்சள் திராவகம். எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் ஊற்றினார். தொட்டியின் அடியில் இருந்து ஒரு குழாய் சுவருக்கு வெளியே போனது.

"பாய், இதக் கொதிக்க வெச்சித்தானே ஊத்தணும்?" என்றேன். சாக்கடைக்காரனுக்கு இதெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக் கழிவு எப்படி வெளியே வர வேண்டும் என்று எங்கள் ஆபீசில் விதி உண்டு.

"கொதிக்க வெக்கிறதுக்கு இருக்கிறது ஒரே டிரம்மு, மண்டோரே. முந்தி நாளைக்கி இருவது போத்தல் வரும். வெறகப் போட்டுக் கொதிக்க வெச்சி ஊத்துவேன். இப்ப அறுவது, எழுவது வருது. போத்தலக் கொதிக்க வெக்கவே நேரம் பத்தல. உள்ள இருக்கிறத என்னா பண்ணச் சொல்றீங்க?"

"ஏன் இவ்ளோ?"

"தொரை எழுதிட்டுப் போனது எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்கு மேல புது டாக்டரு வேற எழுதறாரு. யாரும் எதையும் வெட்டறது இல்ல."

"என்னோடது என்னா சொல்லுது?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெரிய நோட்டை எடுத்து வந்தார். என் பெயருக்கு எதிரே ஒவ்வொரு நாளும் ஒரே எண்கள். கடைசிப் பத்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு எண் மட்டும் குறைந்துகொண்டு வந்தது.

"இது என்னாது, எறங்குதே?"

"அதுவா? ரத்தத்தோட அளவு, மண்டோரே. தெனமும் எடுக்கிறாங்கல்ல."

எனக்கு அப்போது வந்த கோபத்தில் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் குறைகிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கிறார்கள், எடுப்பதால்தான் குறைகிறது, குறைகிறது என்று எழுதியிருப்பதையும் யாரும் படிக்கவில்லை.

அந்தக் குழாய் எங்கே போகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சுவரைத் தாண்டி எங்கள் லொங்காங்கில் விழும். ரோட்டுக்கு அடியில் போய், ஒரு சீனக் கிழவரின் கங்கோங் கீரைப் பாத்தி ஓரமாக ஓடி, காஜா பெராங்கில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் வந்து சேரும். அந்தக் கங்கோங்கை நாங்களே வாங்கித் தின்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் அந்த லொங்காங்கில் என் ஆட்கள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள். நான் படுத்துவிட்டதால் அந்தப் பகுதியைக் கருப்பையா பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே வார்டு சிஸ்டரிடம் கேட்டேன். சிஸ்டர் லிம் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. டாக்டர் எழுதியதை நர்ஸ் வெட்டக் கூடாது என்றார் மலாயில். டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் நவரத்தினம் இளைஞர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். படித்து முடித்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"பெரிய டாக்டர் எழுதினதை நான் வெட்டேலாது, ஐயா," என்றார். "புதுசா ஒரு பெரிய டாக்டர் வருவார். அவர் பார்க்கட்டும்."

"எப்ப வருவாரு?"

"தெரியாது."

"என் ரிசல்ட்டாவது பாத்தீங்களா, டாக்டர்?"

அட்டைக்குப் பின்னால் குத்தி வைத்திருந்த சீட்டுகளைப் புரட்டினார். மடித்த மடிப்புக் கலையாமல் கத்தையாக இருந்தன. அவர் காது சிவந்தது. "ரெண்டு வார்டும் நான் ஒருத்தன்தான் பார்க்கிறன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் காலையும் டிரஸர் வந்தார். கையை நீட்டினேன். அப்போது நீட்டியதற்காக இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

நான்காவது வாரம் கருப்பையாவைக் கொண்டு வந்தார்கள். எனக்கு எதிர்க் கட்டில். நாற்பது வயது இருக்கும், உலக்கை மாதிரி உடம்பு. இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

"மண்டோரே, என் கெண்டக்காலப் பிடிச்சிப் பாருங்க. கட்டயாட்டம் இருக்கு," என்றான். கண்ணைப் பார்த்தேன். சிவப்பு.

டாக்டர் வந்தார். காய்ச்சல் எத்தனை நாள், குளிர் உண்டா என்று கேட்டார். அட்டையில் எழுதினார். காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"டாக்டர், எனக்கு வந்ததேதான் இது. அதே லொங்காங். அதே வலி," என்றேன்.

"மலேரியாவாகவும் இருக்கலாம். ரத்தம் பார்த்துத்தான் சொல்லலாம். முடிவு வரட்டும்."

மலேரியாவா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. அதுவரைக்கும் என்று மலேரியா மாத்திரை கொடுத்தார்கள்.

அன்று முடிவு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கருப்பையா வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தான். அவன் மனைவி அஞ்சலை அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவன் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் இறங்கியிருந்தது. நான் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்கட்டுக்குப் போனேன்.

"பாய், கருப்பையாவோட தகடு எங்க?"

காதர் பாய் தட்டுகளைக் காட்டினார். மேஜை முழுக்கத் தட்டுகள். மைக்ராஸ்கோப் பார்க்கிறவர் ஒரே ஒருவர். நோட்டில் உள்ள வரிசைப்படிதான் செய்ய வேண்டும் என்று விதி. தினசரிக்காரர்களின் பெயர்கள் முதலில் வரும். கருப்பையாவின் தகடு அடித்தட்டில் கிடந்தது. அதற்கு மேல் மூன்று நாளும் எடுத்த என் போத்தல்கள். கால் முறிந்தவரின் போத்தல்கள். போன வாரமே வீட்டுக்குப் போன ஒருவரின் பெயரில்கூட ஒரு போத்தல் இருந்தது. அவர் கட்டிலில் இப்போது படுத்திருப்பவனின் ரத்தம் அது.

நான் கத்திய கத்தலில் மைக்ராஸ்கோப் பார்க்கிறவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு அந்தத் தகட்டை எடுத்து அங்கேயே பார்த்தார். மலேரியா இல்லை. சீட்டை நானே கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கருப்பையாவின் கெண்டைக்காலை அப்போதுதான் அழுத்தினார். பெனிசிலின் போட்டார்கள்.

ஆனால் முந்தின நாள் மாலையிலிருந்தே அவனுக்கு மூத்திரம் போகவில்லை. ஐந்தாம் நாள், ஆட்கள் பார்க்க வரும் பகல் நேரத்தில், வார்டு நிறைய ஜனம் இருக்கும்போது செத்துப்போனான். பாக்கியம் கொண்டு வந்த மங்குக் கிண்ணத்தைத் திறக்காமலேயே அஞ்சலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்கு நோய் வந்தது என் போத்தலிலிருந்துதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எலி எல்லாச் சாக்கடையிலும் இருக்கிறது. ஆனால் நோயாளியின் மூத்திரத்திலும் அந்தக் கிருமி போகும். என் மூத்திரத்தைத் தினமும் வாங்கி, யாரும் பார்க்காமல், கொதிக்க வைக்காமல், அவன் வெறுங்காலோடு நிற்கிற தண்ணீரில் ஊற்றினார்கள். இவ்வளவுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு டிரஸர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கைய நீட்டுங்க, மண்டோர்."

"முடியாது."

"ரிப்போர்ட் பண்ணுவேன்."

"பண்ணு. இந்த ஊசிய எங்கிட்டக் கொண்டு வந்தா ஒடிச்சிப் போட்டுருவேன்."

கால் முறிந்தவரும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெரியவரும் ஒரு சீனப் பையனும் அப்படியே செய்தார்கள். டிரஸர் சிஸ்டரைக் கூட்டி வந்தார். சிஸ்டர் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் முகம் இரவு தூங்காத முகமாக இருந்தது. நான் சொல்ல வைத்திருந்ததை எல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "பெரிய டாக்டரு முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கல. என் காலத் தொட்டுப் பாத்தாரு. நீங்க கருப்பையா காலத் தொடலையே, டாக்டர். காகிதத்துக்காகக் காத்திருந்தீங்க. அந்தக் காகிதம் எங்க எல்லாருடைய காகிதத்துக்கும் அடியில கிடந்திச்சி."

அவர் பேனாவைத் திறந்தார். என் அட்டையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒரு மணி நேரத்தில் வார்டு முழுக்க அடித்து முடித்துவிட்டார். அன்று மருத்துவமனைக் கிராணி, அதாவது குமாஸ்தா, வந்து என்னைக் கலகக்காரன் என்று எழுதினார். மறுநாள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலையில் மறுபடி சேர்ந்த முதல் வாரமே ஆபீசுக்கு அந்தக் குழாயைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. இரண்டு வாரம் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு போய், செங்கல்லும் சிமெண்டும் வைத்து அந்தக் குழாயின் வாயை அடைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சோதனைச் சாலை முற்றத்தில் கழிவுத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றதாம். கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு லொங்காங் ஓரத்துக்கு ஓடி வந்தார்.

"யாரு அடைச்சது?"

"நான்தான்."

"யாரு உத்தரவு?"

"உத்தரவு இல்லாம ஊத்தினீங்க. உத்தரவு இல்லாம அடைச்சேன்."

எங்கள் ஆபீஸ் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்துக் கடிதம் கொடுத்தார். மண்டோர் வேலை போய்விட்டது. ஆறு மாதம் பழையபடி துடைப்பம் பிடித்தேன். ஆனால் அவரே போய் அந்த முற்றத்தைப் பார்த்தும் வந்தார். குழாயைத் திறக்கச் சொல்லவில்லை. கழிவுக்கு ஆழமாகத் தனிக் குழி வெட்டினார்கள். கொதிக்க வைக்க இரண்டாவது டிரம் வாங்கினார்கள். ஆனால் அது அதிகம் தேவைப்படவில்லை என்று காதர் பாய் சொன்னார். இப்போதெல்லாம் எந்தச் சோதனையும் மூன்று நாளுக்கு மேல் ஓடாது. வேண்டுமென்றால் டாக்டர் நோயாளியைப் பார்த்து மறுபடி எழுத வேண்டும். போத்தல் பழையபடி இருபதுக்கு வந்துவிட்டதாம்.

கருப்பையாவின் வேலையை அஞ்சலைக்குக் கொடுத்தார்கள். குழாயை அடைப்பதற்கு முன்பே, கருமாதி முடிந்த வாரம், பக்கத்தில் நின்று சேறு அள்ளிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அவரு ரத்தத்த எடுத்தாங்களே, அது என்னாண்ணே சொல்லிச்சி?"

எல்லாரும் அவளிடம் தலைவிதி என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். தகடு எங்கே கிடந்தது என்பது வரைக்கும். அவள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப விதி இல்லியா?"

"இல்ல."

"அப்ப யாரப் போயி நான் கேக்கறது?"

காலில் ஒட்டிய அந்தச் சேற்றோடேயே அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கிராணி வாசலில் மறித்தார். டாக்டர் நவரத்தினம் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவரே வெளியே வந்தார். அவளை யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, முதல் நாளே பெனிசிலின் போட்டிருந்தால் பிழைச்சிருப்பார் என்று என்னால உறுதியாச் சொல்லேலாது," என்றார். "ஆனால் போட்டிருக்க வேணும். நான் அவரைத் தொட்டுப் பார்த்திருக்க வேணும். பார்க்கேல்ல. பிழை என்னுடையது."

நின்றபடியே சொன்னார். கிராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.  அஞ்சலை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இத அன்னிக்கே என் முன்னாடி சொல்றதுக்கு என்னா?" என்று கேட்டாள். "பதினாறு நாளா நான் சாமியத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

 அவள் பதிலுக்காக நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.